கூழாங்கல் கடற்கரையில் ஆறு வாரம்

எங்கள் ஊர் கடலூர். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால் காற்றிலேயே உப்பு ருசிக்கும். அப்படிப்பட்டவள் ஒரு கடற்கரை ஊரைப் பற்றி எழுத வந்தால், "இவளுக்குக் கடல் என்ன புதுசா?" என்று கேட்பீர்கள். புதுசுதான், சகோதரிகளே! இருபது வருஷமாக நான் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். 2023 செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்து போனாள். பாங்கியில் கடன் வாங்கி, போதாததற்கு என் வளையல்களையும் வைத்துத்தான் அனுப்பினோம். "எந்த ஊருடி?" என்று கேட்டேன். "பிரைட்டன்மா, லண்டனுக்குத் தெற்கே 80 கிலோமீட்டர்" என்றாள். ரொம்ப அழகான ஊர் என்றாள். கடற்கரை ஊர் என்பதை மட்டும் விசா வந்த பிறகுதான் சொன்னாள். கெட்டிக்காரி!

2024 மே மாதம் நான் அவளைப் பார்க்கப் போனேன். அவள் குடியிருந்த வீட்டில் ஐந்து பெண்கள். அதில் ஒருத்தி ஊருக்குப் போயிருந்ததால், வீட்டுக்காரரிடம் கேட்டு அந்த அறையில் எனக்கு ஆறு வாரம் இடம் கிடைத்தது. "நீங்க தனியா போயிடுவீங்களா?" என்று இவர் பத்து தரம் கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள் விமானம் ஏறக்கூடாது என்று சட்டமா என்ன? ஹீத்ரோவில் இறங்கி, பஸ் பிடித்து, பிரைட்டனில் இறங்கினேன். பாப்பா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கை எலும்பு என் முதுகில் குத்தியது. அவ்வளவு இளைத்திருந்தாள்.

மணல் இல்லாத கடற்கரை

மறுநாளே, "வாம்மா, ஊரைப் பார்க்கலாம்" என்று இழுத்துப் போனாள். கடலுக்கு எதிரே ரோட்டிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்தே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் கல்! நம் ஊர் மாதிரி மணல் கிடையாது. முட்டை முட்டையாய், பழுப்பும் சாம்பலுமாய்க் கூழாங்கற்கள். அலை வந்து திரும்பும்போது ஆயிரம் பெண்கள் ஒரே சமயத்தில் முறத்தில் புளியங்கொட்டை புடைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

கடலுக்குள் நீளமாக ஒரு பாலம். 1899-ல் திறந்ததாம். அதன்மேல் ராட்டினம், பலகாரக் கடை என்று எப்போதும் திருவிழாதான். அதற்கு மேற்கே இன்னொரு பாலம் இருந்திருக்கிறது. 1866-ல் திறந்து, 1975-ல் மூடி, 2003-ல் தீப்பிடித்து எரிந்து, இப்போது வெறும் இரும்பு எலும்புக்கூடாகத் தண்ணீரில் நிற்கிறது. அதை இடிக்காமல் விட்டு, வந்தவர்கள் எல்லாம் படம் பிடிக்கிறார்கள். கரை ஓரமாக ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. 1883-ல் வந்த மின்சார ரயில். உலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களிலேயே அதுதான் பழையதாம்.

"கீழே இறங்கி வாயேம்மா" என்றாள். "செருப்பு வழுக்கும்டி" என்று சொல்லிவிட்டேன். செருப்பா வழுக்கியது? மனசு!

தாளிப்பும் தீயணைப்பும்

மூன்றாம் நாள் முதல் ரகளை. பிள்ளை இளைத்திருக்கிறாளே என்று ரசம் வைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் போட்டேனோ இல்லையோ, தலைக்கு மேலே 'வீல்' என்று ஒரு அலறல்! வீடு முழுக்க ஒரே ஊளை. யுத்தம்தான் வந்துவிட்டது என்று கரண்டியும் கையுமாக நின்றேன். மாடியிலிருந்து சீனத்துப் பெண் ஓடி வந்து, துண்டை விசிறி விசிறிக் காட்டினாள். நைஜீரியாப் பெண் இருமிக்கொண்டே சிரித்தாள். அப்புறம்தான் தெரிந்தது, கூரையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது புகை மணி. பல்லி முட்டை மாதிரி சாதுவாய் இருந்துகொண்டு என்ன கத்து கத்துகிறது!

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதலில் ஜன்னலைத் திற. அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போடு. சமையலறைக் கதவைச் சாத்து. எண்ணெய் புகைவதற்கு முன்பே கடுகைப் போட்டு மூடு. மிளகாயைக் கடைசியில் சேர். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். சிலர் அந்த மணியைத் துணியால் கட்டிவிடுகிறார்களாம். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். ராத்திரி நிஜமாகவே தீப்பிடித்தால் எழுப்ப அது ஒன்றுதான் இருக்கிறது.

பால் வாங்கினதும் ஒரு கதை. பச்சை மூடி அழகாக இருக்கிறதே என்று எடுத்து வந்தேன். காய்ச்சினால் ஏடு கட்டவில்லை, தயிரும் நீர்த்துப்போனது. மூடியின் நிறத்தில்தான் சூட்சுமம். நீல மூடி முழுக் கொழுப்புப் பால், பச்சை பாதி எடுத்தது, சிவப்பு முழுக்க எடுத்தது. நீலத்தை வாங்கி, காய்ச்சி ஆற்றி, கடைத் தயிர் ஒரு ஸ்பூன் விட்டு, கம்பளித் துணி சுற்றி வெந்நீர்ப் பானை உள்ள அலமாரியில் வைத்தேன். காலையில் கத்தி போட்டு வெட்டலாம் போல் தயிர்! சீனத்துப் பெண்ணும் ஒரு கிண்ணம் வாங்கிப் போனாள்.

வடை போச்சு

ஒரு ஞாயிறு, பருப்பு வடை சுட்டு எடுத்துக்கொண்டு கடலோரப் பெஞ்சுக்குப் போனோம். கீழே இறங்கவில்லை, ரோட்டோரம்தான். வடையை வாயருகே கொண்டு போகிறேன், பின்னாலிருந்து ஒரு காற்று, ஒரு அறை, வடையைக் காணோம்! கோழியை விடப் பெரிய கடல் பறவை ஒன்று எதிர்ச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கிற்று. நம் ஊர்க் காக்கா கதையில் வடையைத் திருடியது காக்கா, ஏமாந்ததும் காக்கா. இங்கே ஏமாந்தது நான்தான். கல்லை எடுக்கப் போனேன். பாப்பா கையைப் பிடித்தாள். "அம்மா, அதை அடிச்சா கேஸ்!" நிஜம்தான். 1981-லேயே சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள் அதை. அதற்கப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் சாப்பிடுவது. அது பின்னாலிருந்துதான் வரும். முன்னால் வர வெட்கப்படும்.

பாப்பா வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பூட்டிய கதவு

இரண்டாம் வாரம்தான் பெரிய சங்கதி நடந்தது. பாப்பா தினமும் காலை ஆறு மணிக்கு, "லைப்ரரிக்குப் போறேம்மா" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எட்டு மணிக்கு வருவாள், தலை ஈரமாக. "அங்கேயே குளிச்சிட்டேன்" என்பாள். பெரிய படிப்பு, பெரிய லைப்ரரி, குளியலறையும் இருக்கும் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அன்று அவள் போனதும், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு குப்பைப் பையை வெளியே வைக்கப் போனேன். காற்று அடித்தது. 'டப்'. கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. போன் உள்ளே. மற்றப் பெண்கள் யாரும் வீட்டில் இல்லை. பாப்பா நம்பரா? போனில் அவள் படத்தைத் தொட்டால் போதும்; நம்பர் யாருக்கு மனப்பாடம்? கை கால் நடுங்க வாசற்படியில் உட்கார்ந்தேன். மே மாசம் என்று பேர், நம் ஊர் மார்கழிக் குளிர்!

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எழுபது வயசு இருக்கும். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிப் போய், கம்பளி போர்த்தி, பால் விட்ட டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "டோர்... லாக்... டாட்டர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "யுவர் டாட்டர்! வெரி பிரேவ்! எவ்ரி மார்னிங், இன் தி சீ!" என்று இரண்டு கையாலும் நீந்திக் காட்டினார். அன்று தனக்குச் சளி என்பதால் போகவில்லையாம். மற்ற பெண்களோடு என் மகள் போயிருக்கிறாளாம்.

டீ தொண்டையில் நின்றது.

இப்போது சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவுக்கு மூன்று வயசு. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். அந்தப் பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்து அழுததில் நேரமாகிவிட்டது. அந்த அழுகைதான் எங்களைக் காப்பாற்றியது. எங்கள் வீட்டுக்குத் தினமும் கூடையில் மீன் கொண்டு வரும் அக்கா ஒருத்தர் உண்டு. "மவராசி, மொத போணி நீதான்" என்பார். அவர் அதற்கப்புறம் வரவில்லை. அன்றிலிருந்து நான் கடலுக்குப் போகவும் இல்லை, பிள்ளையைப் போக விடவும் இல்லை. பள்ளியில் கடற்கரைக்கு அழைத்துப் போனால்கூட, ஜுரம் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பெண்தான் தினமும் கடலில்!

அவள் சொன்னது

எட்டு மணிக்கு அவள் வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. இவருக்குப் போன் போடக் கை போயிற்று. போட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்: "பெட்டியைக் கட்டுங்க, ரெண்டு பேரும் கிளம்பி வாங்க." போடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணி, அங்கே அப்போதும் வெளிச்சம் இருக்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"லைப்ரரியில அலை அடிக்குமாடி?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"டிசம்பர்ல இங்க நாலு மணிக்கே இருட்டிடும்மா. வகுப்பு, கடை வேலை, ரூம். யாரோடயும் பேச்சு கிடையாது. சாப்பிடப் பிடிக்கல. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. பத்து நாள் வகுப்புக்கே போகல. திரும்பி வந்துடறேன்னு உனக்கு மெசேஜ் எழுதி எழுதி அழிச்சேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. அப்பா வா-ன்னுடுவார். கடனை யார் கட்டறது? உன் வளையலு?"

பக்கத்து வீட்டு அம்மாள்தான் ஒரு நாள் இவளை வாசலில் பார்த்து, முதலில் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் மனசு விட்டுப் பேச ஆலோசகர் உண்டு, அங்கேயும் அனுப்பியிருக்கிறார். விட்டமின் டி மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் குறைந்த அந்த நாட்டில் இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் எல்லோரையுமே தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் போன்ற மாநிறத்தவர்களை வருஷம் முழுவதும். பிறகு அந்த அம்மாள் காலையில் தன்னோடு கடற்கரைக்கு வரச் சொன்னாராம். நீந்துவதற்கு அல்ல. நீந்துகிற பெண்களின் துண்டைப் பிடித்துக்கொண்டு கல் மேல் உட்காருவதற்கு! நாலு மாசம் துண்டு பிடித்திருக்கிறாள். இதற்கிடையில் நீச்சல் குளத்தில் சம்பளம் கட்டிக் கற்றுக்கொண்டு, மே மாதம்தான் கடலில் இறங்கியிருக்கிறாள்.

"அந்த ஒரு மணி நேரந்தாம்மா என்னை இங்க நிறுத்தி வெச்சுது. உனக்குப் பொய் சொன்னதுதான் கஷ்டமா இருந்துது."

நான் அழுதேன். அவள் கடலில் இறங்கியதற்காக அல்ல. டிசம்பரில் நான் தினமும் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன், அவளும் "சாப்பிட்டேம்மா" என்றாள். அதோடு விட்டுவிட்டேனே, அதற்காக.

துண்டு பிடித்தேன்

"நாளைக்கு நானும் வரேன்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல் மேல் நடப்பது ஒரு வித்தை. ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். கல் சரிவு செங்குத்தாக இருப்பதால், அலை பெரிதாக இருக்கும் நாளில் இறங்கவே மாட்டார்களாம். ஏழெட்டுப் பெண்கள், பாட்டிகளும் உண்டு. யாரும் தனியாக இறங்குவதில்லை. ஓதம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தண்ணீர் அப்போது 12, 13 டிகிரிதான். குதிக்கக் கூடாது, மெல்ல மெல்ல இறங்க வேண்டும். முதல் நிமிஷம் மூச்சு இறைக்கும். அப்போது பதறாமல் மூச்சு நிதானமாகிறவரை காத்திருக்க வேண்டும். எசகுபிசகானால் கையைக் காலை உதறாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். அந்த நாட்டுக் கடல் காப்புப் படையினர் எல்லோருக்கும் சொல்லித் தருவது இதைத்தான். இதய நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் குளிர்த் தண்ணீரில் இறங்கவே கூடாது. வெளியே வந்ததும் உடனே சுடுநீரில் குளிக்கக் கூடாதாம். துவட்டி, கம்பளி போட்டு, சூடாக ஏதாவது குடிக்க வேண்டும்.

பாப்பாவின் தலை தண்ணீரில் கறுப்பாகத் தெரிந்தது. நான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நானூற்றுப் பத்து எண்ணும்போது கரையேறினாள். உதடு நீலம், கன்னம் சிவப்பு, முகமெல்லாம் சிரிப்பு. பிளாஸ்கில் கொண்டு போன சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் எல்லோருக்குமே சுக்குக் காப்பி வேண்டியிருந்தது. துண்டும் நான்தான், காப்பியும் நான்தான். அவர்களோடு பேசிப் பேசி என் இங்கிலீஷும் கொஞ்சம் தேறிற்று. நானும் வெளிநாட்டில் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், இல்லையா?

குன்றின் மேல் ஒரு சத்திரி

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒரு நாள் பாப்பா என்னை அரண்மனைக்கும் அதன் பிறகு ஒரு குன்றுக்கும் கூட்டிப் போனாள். நான்காம் ஜார்ஜ் கட்டிக்கொண்ட அந்த அரண்மனை வெளியே பார்த்தால் வடநாட்டு நவாபு மாளிகை மாதிரி வெங்காயக் கோபுரங்களோடு இருக்கிறது. முதல் உலகப் போரில், 1914 முதல் 1916 வரை, காயம் பட்ட நம் இந்தியச் சிப்பாய்களுக்கு அதையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அவரவர் ஆசாரப்படி தனித்தனிச் சமையலறை, தனித்தனிக் குழாய் எல்லாம் வைத்திருந்தார்களாம். பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களில் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் வெள்ளைச் சலவைக் கல்லில் ஒரு சத்திரி எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் புல்வெளி, ஆடுகள், காற்று. கீழே தூரத்தில் கடல்.

அவர்களுடைய சாம்பலை அந்தக் கடலில்தான் கரைத்தார்களாம். எந்த ஊர் அம்மா பெற்ற பிள்ளைகளோ! அந்த அம்மாக்கள் ஒருத்தியும் இவ்வளவு தூரம் வந்து பார்த்திருக்க முடியாது. நான் வந்து பார்க்கிறேன். என் பிள்ளை என் பக்கத்தில் உயிரோடு நிற்கிறாள். கொண்டு போயிருந்த செம்பருத்திப் பூ மாதிரி ஒரு சிவப்புப் பூவைப் படியில் வைத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை, கடைசி நாள். புடவையைக் கணுக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் இறங்கினேன். பாப்பா ஒரு கை, பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கை. தண்ணீர் காலில் பட்டதும் ஐஸ் கட்டி வைத்த மாதிரி சுரீர் என்றது. அலை போகும்போது கல் எல்லாம் சரசரவென்று கூடவே போயிற்று. நான் போகவில்லை. நின்றேன். அந்த மீன்கார அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம்தான் இவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. கடைசியில், "நல்லா நீந்துறாளா?" என்று கேட்டார். "நல்லா நீந்துறா" என்றேன்.

பாப்பா 2024 செப்டம்பரில் படிப்பை முடித்தாள். இப்போதெல்லாம் நான் போனில் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவதில்லை. "இன்னிக்கு யாரோட பேசினே? ராத்திரி தூங்கினியா?" என்றும் கேட்கிறேன். வெளியூரில் பிள்ளை படிக்கிற தாய்மாரே, நீங்களும் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினாலும் நீங்கள் அவசரப்படாமல் காத்திருங்கள். அப்புறம் முக்கியமாக, அவர்களுடைய போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி நைட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்!